ஆய்வேட்டை அனுப்பி வையுங்கள்

கோயம்புத்தூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எங்கள் ஆய்விதழுக்கு மல்லாட்டைச் சாகுபடி (இங்கே நிலக்கடலை என்கிறார்கள்) பற்றி ஒருவர் கட்டுரை அனுப்பியிருந்தார். காப்பியடித்தது இல்லை என்று மென்பொருள் சொல்லிவிட்டது. நான் படித்துப் பார்த்தால், முழுக்க என் ஆய்வேடு. அது இணையத்தில் இல்லாததால் பிடிபடவில்லை. இதழாசிரியரிடம் சொன்னேன், மூலத்தைக் காட்டச் சொல்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை.

பீரோவில் இருக்கும் அந்தப் பச்சை அட்டை ஆய்வேட்டைத் திண்டிவனம் போகும்போது கூரியரில் போடுங்கள். கூடவே வறுத்த மல்லாட்டையும் வையுங்கள், ஒரு ஆள் தின்னும் அளவு போதும்.

என் பெயரை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டவர், நீங்கள் அன்று ஆய்வுக்காக எனக்குப் பேட்டியில் சொன்னதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்: "மண்ணக் கையில புடிச்சிப் பாத்துக்கினுதான் வெதைப்போம், ரோஜாம்மா."

இங்கே அப்படிக் கூப்பிட ஆளில்லை. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

ஆபீசுக்கு நேரமாகிறது.

ரோஜா