இறக்கம் மட்டும் உள்ள சுற்று

பிடிவாதக்கார அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஓட்டுவதற்குக் காட்டு வழியாக ஒரு சைக்கிள் சுற்று போட்டுவைக்கச் சொன்னாய். "மேடு மட்டும் ஏறவே கூடாதும்மா, இதயம் தாங்காது" என்றார் டாக்டர். உன்னிடமும் சொல்லியிருப்பார், நீதான் காதில் வாங்கியிருக்க மாட்டாய்.

மலை வரைபடத்தை விரித்து, பாலம் வழியாகப் பார்த்தேன், மரக்கிடங்குப் பக்கமாகத் திருப்பியும் பார்த்தேன். எப்படிச் சுற்றினாலும், இறங்கிய அளவு ஏறினால்தான் வீடு வருகிறது.

உச்சிவரை காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "சுத்து முடியலைன்னா அது சவாரியாடி?" என்பாய்.

வரைபடத்தை மடித்துவிட்டேன். உன் சைக்கிளை ஒளித்துவைக்கத்தான் கொட்டகைக்குப் போனேன். இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

உன் பேச்சைத் தட்டத் தெரியாத
தங்கை