கடைசிப் பெட்டியில் ஸஜீதா

அபூதாபி
2025 மே 10

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் ஆதிலாவும் குட்டிப் பேத்தி ஷிஹானாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தை விசாரிக்கத்தான் போன் எடுத்தேன். "ம், ம், லைன் சரியில்ல, வெச்சிடுறன்" என்று வைத்துவிட்டீர்கள். போன கிழமையும் அதே கதைதான். லைன் நன்றாகத்தான் இருந்தது. மருமகன் பவாஸின் கூட்டாளி ஸியாம் லீவில் பண்டாரவளைக்கு வருகிறார். அதனால் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டேன். கடிதத்தை லைன் சரியில்லை என்று வைக்க முடியாதே!

ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. நான் ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டேன்.

பவாஸ் கரண்ட் வேலை பார்க்கும் பார்க்கில் வீட்டாருக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. ஆதிலாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் எல்லோரும் போனோம். பிரசவ உடம்போடு அவள் ஏறக் கூடாது. பவாஸ் தனியாகப் போகிறாரே என்று நான் பக்கத்தில் ஏறி இருந்தேன். முதலில் ஒரு சங்கிலி பெட்டிகளை மேலே இழுக்கிறது. கடகடவென்று சத்தம். அது பெட்டி பின்னால் வழுக்காமல் பிடிக்கும் கொக்கியின் சத்தமாம். உச்சிக்குப் போனதும் அந்தச் சத்தம் நின்றுவிடும். அதுதான் பயம். அதற்குப் பிறகு இன்ஜினும் இல்லை, ஒன்றும் இல்லை. நம்முடைய பாரமே நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இறங்கும்போது உடம்பு சீட்டை விட்டு எழும்புகிறது மச்சான், இந்த ஐம்பத்திரண்டு வயதில்! பஸ்ஸில் பெரகல மலை வளைவு வந்தாலே வாந்திக்குப் பயந்து தேசிக்காயை மோந்துகொண்டு கண்ணை மூடும் உங்களுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது?

எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். "பொம்புளட சத்தம் கடைக்குக் கேக்கப்படாது" என்று மாமி சொல்லிச் சொல்லி, நம் துணிக்கடைக்குப் பின்னால் வீட்டுக்குள் மெல்லப் பேசியே பழகிய தொண்டை இது. இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. இறங்கிய கையோடு மறுபடியும் வரிசையில் நின்றேன்.

ஒரே ஒரு வில்லங்கம். ஸ்கார்ஃப் பறக்கிறது, ஊசியும் குத்தக் கூடாது என்கிறார்கள். கடையில் இழுபடும் ஜேர்சித் துணி இருந்தால் ஒரு துண்டு அனுப்புங்கள். தலையோடு ஒட்டித் தைத்துக்கொள்வேன்.

இனி முக்கியமான விஷயம். என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள் ஆதிலா. விசாவுக்குப் போடப் பவாஸ் தயார். ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வஸ்ஸலாம்,
ஸஜீதா

பதுளை
2025 மே 26

ஸஜீதாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. இங்கே பின்னேரமானால் மழை. வியாபாரம் மந்தம். எல்ல ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்கள் குடை வாங்குகிறார்கள், துணி வாங்குவதில்லை. சாப்பாடு பக்கத்து வீட்டு முஸ்தாக்கிடமிருந்து வருகிறது. உப்புக் கூடுதல், ஆனால் வருகிறது.

பேத்தியைப் பார்க்கப் போனவள் பேத்தியோடு இரு. அந்தரத்தில் தலைகீழாகத் தொங்குவது ஒரு உம்மும்மா செய்கிற வேலையா? பள்ளிவாசலில் யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது? ரோலர் கோஸ்டருக்கென்று என் கடையில் துணி இல்லை.

பெட்டியில் பூட்டிய கமரா எடுத்ததென்று ஆதிலா அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். சத்தமில்லாத வீடியோ. நீ வாயைப் பிளந்துகொண்டு விழுகிறாய், பிறகு சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை நம் வீட்டில் பார்த்து எத்தனையோ காலம். இங்கே இருந்தபோது என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாய். சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாய். அங்கே சந்தோஷம் என்றால் அங்கேயே இரு. நான் தடை சொல்ல மாட்டேன். உன் விருப்பம்.

இப்படிக்கு,
மு. இத்ரூஸ்

அபூதாபி
2025 ஜூன் 12

மச்சானுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாக முடிந்தது. பேத்தி குப்புறப் புரளப் பார்க்கிறாள்.

நான் பேசுவதைக் குறைத்தேனா? நல்லாயிருக்கிறது நியாயம்! பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உங்கள் வாடிக்கைக்காரர் பொன்னையா வந்து தோட்டத்துக் கதை சொன்னால் தேத்தண்ணீர் ஆறும்வரை கேட்பீர்கள். முஸ்தாக் சொன்னால் கேட்கும். ரோட்டில் போகிறவன் சொன்னாலும் கேட்கும். நான் சொன்னால் மட்டும் "ம்". ஒரே விஷயத்தை எத்தனை தரம் சுவருக்குச் சொல்வது? அதனால்தான் வாயை மூடினேன்.

இந்த நோன்பில், புறப்படுவதற்கு முந்திய கிழமை, நோன்பு திறந்துவிட்டுக் கஞ்சிக் கோப்பையோடு இருந்தீர்கள். "மகள் கூப்பிடுறா. நான் போகவா, உங்களோட ஈக்கவா?" என்று கேட்டேன். கேட்பதற்கு நான் எவ்வளவு தைரியம் எடுக்க வேண்டியிருந்தது தெரியுமா? "ம், நல்லம்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தீர்கள். எது நல்லம்? நான் போவதா? அன்றைக்கே என் மனம் விட்டுப்போய்விட்டது.

கோபத்தை ஆற்றக் கோஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். இங்கே ஒன்று அம்பு போலப் பாயும், அவ்வளவுதான். பெரிய பெயர், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. வேகம் இருந்தால் போதுமா? பழைய சின்னது ஒன்று இருக்கிறது, வளைவும் பள்ளமுமாக. அதன் கடைசிப் பெட்டிதான் என் இடம். முன் பெட்டி உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் தயங்கி நிற்கும். கடைசிப் பெட்டியை முன்னால் போனவர்கள் விடமாட்டார்கள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என்ன நடக்கிறது என்று விளங்குவதற்குள் விழுந்துகொண்டிருப்போம். முன்னால் இருப்பவர்களுக்குக் காட்சி, பின்னால் இருப்பவர்களுக்கு ருசி. இதைப் பவாஸிடம் சொன்னேன். "மாமி, நீங்களே வந்து இந்தப் பார்க்கை நடத்துங்க" என்கிறார்.

விசாக் கடதாசி மேசையில் கிடக்கிறது. இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. வா என்றால் வருகிறேன், இரு என்றால் இருக்கிறேன். உன் விருப்பம் என்று மட்டும் எழுத வேண்டாம். அது பதிலே இல்லை.

ஸஜீதா

பதுளை
2025 ஜூலை 4

என் அன்பு ஸஜீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸியாம் திரும்பிப் போகிறான், அவனிடம் கொடுக்கிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

பொன்னையா தன் மகள் ஜெயந்தினியின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. நான் அவரோடு பேசிக்கொண்டே துணிகளை விரித்துப் போட்டேன். திடீரென்று மனுஷன் எழும்பிவிட்டார். "மொதலாளி, எம்மக எத்தன தடவ கேட்டுருச்சு! பொம்பளப் புள்ளன்னா பதில் சொல்ல மாட்டீங்களா? வா புள்ள, வேற கடைக்குப் போவோம்." ஸஜீதா, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பிள்ளையின் வாய் அசைந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. முஸ்தாக் வந்துதான் அவர்களைச் சமாதானப்படுத்தினான். பிறகு என் பக்கம் திரும்பினான். "இத்ரூஸ் நானா, உங்கட டீவிச் சத்தத்துல எங்கட வீட்டுல ஒருத்தருக்கும் பேச ஏலாம ஈக்கி. வாங்க, காதக் காட்டுவோம்."

வரமாட்டேன் என்று சண்டை பிடித்தேன். அன்று பின்னேரம் உன் கடிதம் வந்தது. "நான் போகவா, உங்களோட ஈக்கவா?" ஸஜீதா, அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கஞ்சி எப்படி என்று கேட்கிறாய் என்று நினைத்து நல்லம் என்றிருக்கிறேன். அடுத்த நாள் நானே முஸ்தாக்கைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனேன்.

எனக்கு இரண்டு காதும் போய்க்கொண்டிருக்கிறதாம். பல வருஷமாக, மெல்ல மெல்ல. ஆம்பிளைகளின் தடித்த குரல் கேட்குமாம். பெண்களின் மெல்லிய குரல்தான் முதலில் போகுமாம். டொக்டர் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நினைத்தார் காது போனதற்கு அழுகிறேன் என்று. இல்லை. நீ என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை என்று தெரிந்ததற்கு அழுதேன். என்னை வெறுத்துவிட்டாய் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்!

இப்போது காதில் மிஷின் போட்டிருக்கிறேன். வீட்டில் எவ்வளவு சத்தம்! கூரையில் மழை, குசினிக் குழாயின் சொட்டு, நடந்தால் என் செருப்பு. முதல் வேலையாக அந்த வீடியோவைப் போட்டேன். அது சத்தமில்லாத வீடியோ இல்லை. கடகடவென்று அந்தச் சங்கிலி கேட்டது. நின்றது. பிறகு நீ விழுகிறாய். பக்கத்தில் மருமகன் "யா அல்லாஹ்" என்கிறார், அது முறை. நீ கத்துகிறாய், "மச்சாஆஆன்!" திரும்பத் திரும்பப் போட்டேன். கீழே இறங்கும்வரை என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டு போகிறாய்.

உன் கேள்விக்கு இதோ என் பதில். அன்றைக்கே அது என் காதில் விழுந்திருந்தால், மகள் பிரசவத்துக்குப் போ, ஆனால் திரும்பி வா என்று சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அதுதான். வா. உன் விருப்பம் என்று எழுதவில்லை பார், வா என்று எழுதியிருக்கிறேன். நாள் சொன்னால் கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கு நானே வருகிறேன், பெரகல வழியாக, பஸ்ஸில். தேசிக்காய் வாங்கிவிட்டேன்.

ஜேர்சித் துணி இரண்டு அனுப்பியிருக்கிறேன். நானே வெட்டி, டெய்லரிடம் ஓரம் அடித்தது. நீலம் உனக்குப் பிடிக்கும். வருவதற்கு முன் ஆசை தீர ஏறிக்கொள். பள்ளிவாசலில் கேட்டவர்களுக்கு வீடியோவைக் காட்டினேன்.

உன்,
இத்ரூஸ்

அபூதாபி
2025 ஜூலை 15

என் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன், சிரித்தேன், பிறகு ஆதிலாவிடம் கொடுத்தேன். அவளும் அழுதாள். குழந்தை பயந்து எல்லோரையும் விடச் சத்தமாக அழுதது. காது கேட்காத மனுஷனோடு இத்தனை வருஷம் கோபம் பிடித்திருக்கிறேனே! ஆனால் எவ்வளவு நிம்மதி மச்சான். ஓட்டம் முடிந்து பெட்டி நின்றதும் மடிக்கு மேல் இறுக்கிப் பிடித்த கம்பி டக்கென்று தளரும். அப்படி இருக்கிறது எனக்கு.

விசாக் கடதாசியை ஆதிலாவே எடுத்து வைத்துவிட்டாள். "வாப்பாவப் பாருங்க உம்மா, நாங்க லீவுக்கு வாறம்" என்றாள்.

நேற்று நீல ஸ்கார்ஃபைப் போட்டுக்கொண்டு கடைசியாக ஒருமுறை ஏறினேன். இம்மியும் அசையவில்லை. கடைக்காரனின் துணி அல்லவா! நான் யாரைக் கூப்பிட்டுக் கத்துகிறேன் என்பது பார்க்கில் எல்லோருக்கும் தெரியும். "பதுளையில மாமாவுக்கு விக்கல் எடுக்கப்போவுது" என்று ஒவ்வொரு முறையும் பவாஸ் கேலி பண்ணுவார். உங்களுக்குத்தான் இவ்வளவு பிந்திக் கேட்டிருக்கிறது.

இருபத்தாறாம் திகதி, சனிக்கிழமை, விடிய வந்து இறங்குகிறேன். மிஷினைப் போட்டுக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் கடைசி சீட் பிடிப்போம், வளைவுகளின் ருசி அங்கேதான். தேசிக்காயை நான் பிடித்துக்கொள்கிறேன். உங்களிடம் சொல்லிக் கேட்காமல் போன கதை நிறைய இருக்கிறது. பெரகலயில் ஆரம்பித்தால் பதுளை வரும்வரை போதும்.

கத்தமாட்டேன். மெல்லத்தான் பேசுவேன்.

உங்கள்,
ஸஜீதா