மேற்குக் கரை

ஆகஸ்ட் 6
இஸ்லாமாபாதிலிருந்து ஊர் திரும்பினேன். வாசலில் பச்சல் மல்லாஹ், கையில் பல்லா மீன். சிறுவயதில் எனக்குச் சிந்து நதியில் நீச்சல் பழக்கியவன். மூன்று தேர்தலிலும் எனக்காக வாக்குச்சாவடியில் முகவராக உட்கார்ந்தவன். "என்ன சாயீன், தேசிய சபையில தூங்கித் தூங்கி முகமே உப்பிப்போச்சு!" என்றான். ஊரார் 'ஐயா' என்ற மரியாதையில் சொல்லும் 'சாயீன்', அன்று அவன் வாயில் கேலி. வீடே சிரித்தது.

ஆகஸ்ட் 10
ஆறு ஏறுகிறது.

ஆகஸ்ட் 12
மாவட்ட அதிகாரி கூட்டம் போட்டார். நகரம் பிழைக்க வேண்டுமானால் கரையை எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும் என்றார் பொறியாளர். கிழக்கே வெட்டினால் எங்கள் குடும்பத்துக் கரும்பு போகும். மேற்கே வெட்டினால் பச்சலின் ஊரோடு சேர்த்துப் பதினோரு ஊர்கள். அண்ணன் இம்தாத் என் காதோரம் சொன்னார்: "நீ வாயைத் திறக்காதே. அவங்க முடிவா இருக்கட்டும்."

மேற்கு என்று எழுதினார்கள். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

ஆகஸ்ட் 13
வெட்டிவிட்டார்கள். ஊர்களைக் காலிசெய்ய ஆறு மணி நேரம் கொடுத்தார்களாம்.

ஆகஸ்ட் 21
கரைமேல் கூடாரங்கள். பச்சல் பிள்ளைகளோடு அங்கேதான் இருக்கிறான்.
"அந்தக் கூட்டத்துல நீயும் இருந்தியாமே? என்ன சொன்ன?"
"வேணாம்னு சொன்னேன். கேக்கலை."
என் வாய்தான் சொன்னது. அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? நம்ம சாயீன் சண்டை போட்டிருப்பாருன்னு நான் சொல்லலை?" என்று கத்தினான்.

ஆகஸ்ட் 29
பச்சலின் கடைசி மகள் ஜன்னத் வாந்திபேதியில் போய்விட்டாள். ஆறு வயது. குழி தோண்ட அவர்கள் பக்கம் காய்ந்த மண் இல்லை. எங்கள் கரும்புக்கொல்லை ஓரத்தில் புதைத்தோம். பச்சல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இடம் குடுத்தியே, அது போதும்" என்றான்.

அந்த மண் ஏன் காய்ந்திருந்தது? அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே. ஏன்டா சொல்லலை — ஏன்?

நவம்பர் 18, இஸ்லாமாபாத்
வெள்ள விவாதம். நான் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று பச்சல் ஆசைப்பட்டான்; பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தேன். பேசினேன். மேசைகளைத் தட்டினார்கள். பிறகு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து அந்தக் கூட்டத்தின் குறிப்பை வாசித்தார். "ஆட்சேபம் யாருக்கும் இல்லை." வந்திருந்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

மாடத்தைப் பார்த்தேன். அவன் எழுந்து போகவில்லை. முடியும்வரை உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்ததும் ஒன்றுதான் கேட்டான். "அன்னிக்கு நீ சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்களா?"
"தெரியலை, பச்சல்."
"அதையாவது தெரிஞ்சுக்கிட்டிருக்கலாமில்ல."
ஊர்ப் பேருந்து ஏறிப் போய்விட்டான். காரில் வரமாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மே 12
நான்காவது முறையும் ஜெயித்துவிட்டேன்.

மே 20
பச்சல் வீட்டுக்குப் போனேன். சுவர் பாதிதான் எழும்பியிருக்கிறது. கதவுக்குப் பதில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி பேசினாள்.
"வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாரு, சாயீன்."
"சரி தங்கச்சி. நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு."
"கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

திரும்பி நடந்தேன். அண்ணன் வெற்றி ஊர்வலத்துக்கு மாலைகளோடு காத்திருந்தார். கழுத்தை நீட்டினேன்.