உன் அம்மா தைத்த பட்டன்கள்

மேலப்புதூர், திருச்சி
நவம்பர் 9

அன்பு மகள் ஷெர்லினுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அனிஷாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ இரண்டு வார்த்தை வேகமாகப் பேசினாலே எனக்கு நாக்கு எழாது, அதனால்தான் கடிதம். இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் கோபத்தை மறைத்திருந்தேன். இதில் மறைக்கப்போவதில்லை.

போன மாதம் திருவானைக்காவலில் உன் பிரிட்டோ மாமா மகள் லின்சிக்கு நிச்சயதார்த்தம் நடந்ததே, அதற்கு அம்மா எலுமிச்சை மஞ்சள் சேலை கட்டி வந்தாள். ரவிக்கையில் ஒரு கை உறையூர்க் கைத்தறிக் கட்டம், மறு கை சிவப்புப் பூ. ஒரு காதில் பச்சைக் கல், மறு காதில் துணியில் அவளே தைத்த சின்ன மீன். என் வெள்ளைச் சட்டையில் ஆறு பட்டன், ஆறும் ஆறு நிறம், அதுவும் அவள் கைவேலை. லின்சி எங்கள் இருவரையும் படம் பிடித்து இணையத்தில் போட்டு உன் பெயரையும் சேர்த்துவிட்டாள். அரை மணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உன் குரல் வந்தது. என்ன பேசினாய் என்று நீ மறந்திருக்கலாம், நான் எழுதுகிறேன். "என்னம்மா இது கோமாளி மாதிரி? அப்பாவையும் கூத்தாடி ஆக்கிட்ட. என்னை ஃபாலோ பண்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? லின்சி, முதல்ல அதை எடு" என்றாய். விஷயம் தெரியாமல் பிரிட்டோ அதைப் பந்தியிலேயே சத்தமாகப் போட்டுவிட்டான். அம்மா கையில் பாயசம் இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டு மீனைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கோமாளித்தனத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நீதான். உன் யூடியூப் பக்கத்தில் வாராவாரம், உள்ளுக்குள் இருக்கும் குழந்தையைத் தூங்கவிடாதீர்கள், உடுத்துவதில் ஒன்றாவது உங்களைச் சிரிக்க வைக்கட்டும் என்று சொல்கிறாயே, அதை அம்மா ஒவ்வொரு வாரமும் இரண்டு தடவை பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலையில் வெள்ளைச் சேலையிலேயே நின்றவள், "பிள்ளை சொல்லுதுங்க, செஞ்சுதான் பார்ப்போமே" என்று ஊசியை எடுத்தாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. உன் விளையாட்டுக்கு வெள்ளை மேசையும் பூனை முகம் போட்ட கோப்பையும் பார்த்துக் கைதட்ட பத்தாயிரம் பேரும் வேண்டும். அம்மாவுக்குக் கீரைக்கார ஜமீல் சிரித்தால் போதும். "சார், இன்னிக்கு எந்த பட்டன் புதுசு?" என்று அவர் கேட்பார். முதல் வாரம் பட்டன் தெரியாதபடி செய்தித்தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவர் கேட்கட்டும் என்றே அந்தப் பக்கமாகப் போனேன். அம்மா யானை மாதிரி தோசை வார்ப்பாள். எழுபத்து நாலு வயதில் எனக்குத் தும்பிக்கைதான் முதலில் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்த திங்கட்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது பிளேடால் அந்த ஆறு பட்டனையும் எடுத்துவிட்டு, ஸ்கேல் வைத்து அளந்து ஆறு வெள்ளைப் பட்டன் தைத்தேன். நாற்பது வருஷம் கல்லூரி நூலகத்தில் புத்தகத்தை வரிசை பிசகாமல் அடுக்கியவன் புத்தி அவ்வளவுதான். நீ மறுபடி கோபப்படுவாய் என்று பயந்தேன். அவள் வந்து சட்டையைப் பார்த்தாள். "நேரா தைச்சிருக்கீங்க" என்றாள். அன்றிலிருந்து பெட்டியில் கிடந்த பழைய வெள்ளைச் சேலைகளைத்தான் கட்டுகிறாள், தோசையும் வட்டமாகத்தான் வருகிறது. போன ஞாயிறு, அந்த நீலப் பட்டனையாவது திரும்ப வைத்துக் கொடேன் என்று கேட்டேன். "உங்க மககிட்ட கேட்டுட்டு வாங்க" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

உன்னிடம் நான் அனுமதி கேட்கப்போவதில்லை. லின்சி படத்தை நீக்க இருந்தாள், நீக்காதே என்று சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு உன் மாமனார் மாமியாரோடு வரும்போது அம்மாவை "டீசன்ட்டா" பட்டுச் சேலையில் நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தாய். நிறுத்த மாட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேள். தனியாக அல்ல, எத்தனை காது அதைக் கேட்டதோ அத்தனை காதும் கேட்க அதே குழுவில் கேள். அது உன் கௌரவத்துக்குக் குறைச்சல் என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் பண்டிகையை அங்கேயே கொண்டாடு. பெற்ற மகளை வராதே என்று எழுதலாமா, இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் காப்பாராக. அனிஷாவுக்கு என் முத்தம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட மறக்காதே. கடிதம் கிடைத்ததும் என்னைக் கூப்பிட வேண்டாம், அம்மாவைக் கூப்பிடு. அவள் எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. அற்புதசாமி