சகலையின் டம்ளர் தடம்

ஆவணி, இரண்டாம் ஞாயிறு.

கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் தானே செதுக்கும் சிஎன்சி மெஷினை, எட்டு மாதமாக நானே பூட்டியதை, இன்று மாமனார் வீட்டார் முன்னால் ஓட்டிக் காட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் சகலை, பூஜை அறைக் கதவுக்கென்று தேக்குப் பலகை கொண்டுவந்திருந்தார். நடுவில் ஒரு குத்துவிளக்கு செதுக்க வேண்டும். செதுக்கும் முனையான கட்டர் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் மெஷின் கணக்கு வைக்கும். அதைத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டுக் காபி குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்து ஓட்டினால், விளக்கு ஓரத்துக்குப் போய்ப் பாதி பலகைக்கு வெளியே விழுந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னேம்லா. எம்புட்டு வயரு பூட்டுனாலும் உளி புடிக்காத கைக்கு வேல வராது" என்றார் சகலை. மாமனார் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு மெஷினைத் துடைத்தேன். பலகையில் நான் கட்டரை நிறுத்தியிருந்த இடத்தில் காபி டம்ளரின் வட்டத் தடம். டம்ளரோடு அங்கே நின்றவர் சகலை ஒருவர்தான். அதை வைக்க இடம் வேண்டி, கட்டரைக் கையால் தள்ளியிருக்கிறார்.

அந்தப் பலகையை எறிய மாட்டேன். டம்ளர் அளவுக்குக் குழி வெட்டி, அடியில் அவர் பெயரைச் செதுக்கி, தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது கொடுப்பேன். "இனிமே இதுல வைங்க அண்ணாச்சி" என்பேன்.

கரண்ட் இருக்கும்வரை மோட்டார் கட்டரை இறுக்கிப் பிடித்திருக்கும்; காபிக்குப் போகும்போது அதை அணைக்காமல் போயிருந்தால், அவர் தள்ளியும் கட்டர் அசைந்திருக்காது. கரண்டை மிச்சம் பிடிக்க அணைத்தவன் நான். அது இந்த நோட்டோடு இருக்கட்டும்.