கருமாதி முடிஞ்ச ஆளு

1991, ஆடி அமாவாசை.

காலையில நம்ம கிணத்துல பாறைக்கு வச்ச வெடியில ஒண்ணு வெடிக்கல. திரி புகைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வேலையாளுக எல்லாரும் ஓடிட்டாக. பட்டாளத்துலயிருந்து லீவுல வந்திருக்கிற என் வீட்டுக்காரவுக மட்டும் கயித்தைப் பிடிச்சு இறங்கி, திரியைப் பிடுங்கிக்கிட்டு மேல வந்தாக. கை நடுங்கவே இல்ல.

"பட்டாளத்துல எல்லாருமே இப்படித்தானாண்ணே?"ன்னு மேஸ்திரி கேட்டான்.

"இல்லப்பா. நானும் நடுங்குனவன்தான். போன வருசம் நான் செத்துட்டேன்னு ஆள் மாறித் தந்தி வந்து, வீட்டுல எனக்குக் கருமாதியே முடிச்சுட்டாக. அது தெரிஞ்சதுலயிருந்து, குண்டு விழுந்தாலும் கை ஆடுறதில்ல. செத்தவனுக்கு என்ன பயம்?"

எல்லாரும் சிரிச்சாக. எனக்குச் சிரிப்பு வரல. அப்ப நான் அறுத்த தாலிக்குப் பதிலா, உசுரோட திரும்பி வந்து வேற தாலி கட்டினது அந்தக் கைதான். கழுத்துல பட்டப்போ சில்லுன்னு இருந்துச்சு.

மத்தியானம் மாமனாருக்குப் படைச்சுட்டு, சுவத்து மேல காக்காய்க்குச் சோறு வச்சேன். எவ்வளவு கூப்பிட்டும் ஒரு காக்கா வரல. கொஞ்ச நேரங்கழிச்சு வந்து பார்த்தா, இவுக சுவத்தோரம் நின்னு அந்தச் சோத்தை அள்ளித் தின்னுக்கிட்டு இருக்காக.

"எனக்கு வச்சதுதான?"ன்னு கேட்டாக.

நான் உள்ள போயி ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து சுவத்து மேல வச்சேன்.