கட்டைவிரல் உருண்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இது எப்போதும்போல நம் தெருத் தையல்காரர் எழுதித் தந்த கடிதம் இல்லை பாப்பா, எழுத்துக்கு எழுத்து நானே எழுதுகிறேன், பார்த்துக்கொள்! 'ழ' மட்டும் இன்னும் என்னோடு மல்லுக்கு நிற்கிறது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன டிராக்பால், அந்த உருண்டை வைத்த மவுஸ், செத்துவிட்டது. வாய்ப்பேச்சு போனதிலிருந்து அம்மாவுக்கு அசைவது வலது கட்டைவிரல் ஒன்றுதானே, அதனால் அந்த உருண்டையை உருட்டி, கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு எழுத்தாக அம்பை நிறுத்தித்தான் பேசிக்கொண்டிருந்தாள். முதலில் தையல்காரர்தான் வந்து படித்துச் சொல்வார். புருஷன் பெண்டாட்டி பேச்சை எத்தனை நாள் ஊரான் படிப்பது என்றுதான் இந்த வயதில் எழுத்துப் படித்தேன். நானாகப் படித்த முதல் வாக்கியம், "சட்டைய மாத்து, நாறுது." சந்தோஷத்தில் தெருவுக்கே சொன்னேன்.

நீ படிக்கும்போது உன் பழைய மவுஸைக் கவிழ்த்து, ரப்பர் பந்தை எடுத்துவிட்டு, உள்ளே உருளைகளில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டுவாய். எலிக்கு வயிற்று ஆபரேஷனா என்று கேலி செய்வேன். பிறகு அடியில் சிவப்பு வெளிச்சம் வரும் மவுஸ், அதில் உனக்கு மணிக்கட்டு வலி என்று இந்த டிராக்பால். நீ காட்டியபடியே அடி ஓட்டையில் பென்சிலால் குத்தி உருண்டையை வெளியே தள்ளி, அது உட்காரும் மூன்று புள்ளிகளையும் துடைத்துப் போட்டுவந்தேன். அது செத்த அன்று காலை அம்மா "பாப்பாட்ட சொல்லு" என்று எழுத்துக்கூட்டினாள், அடுத்த எழுத்துக்குப் போகாமல் அம்பு திக்கியது. துடைத்தும் சரியாகவில்லை. ஆயுசு முழுக்க ஒர்க்‌ஷாப்பில் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தவனுக்கு, உருளுகிறது எல்லாம் கிரீஸ் கேட்கும் என்றுதானே தோன்றும்? வைத்தேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது, அம்பு அசையவே இல்லை. பதறிப்போய்க் குழாயில் கழுவினேன், உள்ளே இருந்த வெளிச்சமும் அணைந்துவிட்டது.

கடைக்காரப் பையன், "தாத்தா, இத இன்னுமா வச்சிருக்கீங்க? மவுஸ் வாங்கிட்டுப் போங்க" என்றான். வாங்கிவந்தேன். மவுஸுக்குக் கை முழுதும் நகர வேண்டுமே, அவளுக்கு எங்கே நகரும்? அட்டையில் எழுத்துகளை எழுதி நான் விரலால் காட்டுகிறேன், வேண்டிய எழுத்து வந்தால் கட்டைவிரலால் என் உள்ளங்கையை அழுத்த வேண்டும். இரண்டு எழுத்துக்குள் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்கிறாள். உனக்கு என்ன சொல்ல வந்தாள் என்று தெரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை பாப்பா.

அங்கே கடை கடையாகத் தேடு, பழையதானாலும் சரி. விரல் நுனியில் உருட்டுவது வேண்டாம், கட்டைவிரலில் உருட்டுவதுதான் வேண்டும், மறந்துவிடாதே. கிடைக்காவிட்டால் நீயாவது வா. குளிரில் காதைக் கட்டிக்கொள். நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு.

அம்மா பெயரையும் சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டு உள்ளங்கையை நீட்டினேன். அழுத்தவில்லை. கட்டைவிரலை அதில் வைத்து, உருண்டை இருப்பதுபோல உருட்டிக்கொண்டே இருக்கிறாள்.

உன் அப்பா, அம்மா.